உடைக்கச் சொன்ன லிண்டல்

இப்போது வீடு பார்க்கப் போகும் உத்தியோகத்தர்கள் கைத்தொலைபேசியோடு போகிறார்கள். நான்கு மூலையிலும் நின்று நான்கு படம் எடுக்கிறார்கள். எடுத்த இடமும் நேரமும் படத்தில் தானாகவே பதிந்துவிடுகின்றன. மாலைக்குள் படம் மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்தும் விடுகிறது. "உங்கடை காலத்திலை இதெல்லாம் இல்லையே சேர், எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?" என்று கேட்பவர்கள், நான் புதிய முறையைக் குறை சொல்லுவேன் என்று எதிர்பார்ப்பது முகத்திலேயே தெரியும். ஓய்வு பெற்றவர்களிடம் எல்லோரும் எதிர்பார்ப்பது அதைத்தானே. ஆனால் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் உள்ள சுருவிலில் பிறந்தவன். படித்து முடித்துத் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அதே பெயரோடுதான் இருந்தேன். சனங்கள் 'ரி.ஓ.' என்பார்கள். பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு வருடம் வகுப்பு, ஒரு வருடம் வீதி வேலை, அதற்குப் பிறகு பல வருடங்கள் இடப்பெயர்வும் அகதி முகாம்களுக்குக் கூரை போடுவதும். நான் இங்கே சொல்ல வருவது சண்டை ஓய்ந்த பிறகு தீவுப்பகுதிகளில் நடந்த வீட்டுத் திட்டக் காலம்.

அந்தத் திட்டத்தில் வீட்டை ஒப்பந்தக்காரர் கட்டுவதில்லை. காணிக்காரரே கட்டவேண்டும். காசு ஒரேயடியாக வராது, நான்கு கட்டமாக வரும். அத்திவாரம் முடிந்தால் ஒரு பங்கு, லிண்டல் மட்டம் வந்தால் ஒரு பங்கு, கூரை ஏறினால் ஒரு பங்கு, கதவு யன்னல் பூட்டி நிலத்துக்குச் சீமெந்து இழுத்தால் மிச்சம். லிண்டல் என்பது கதவு யன்னல்களுக்கு மேலாகச் சுவரைச் சுற்றி ஓடும் கொங்கிறீட் வளை. ஒவ்வொரு கட்டத்திலும் ரி.ஓ. நேரில் வந்து பார்த்துப் படிவத்தில் கையெழுத்து வைத்தால்தான் அடுத்த பங்கு வங்கிக்கு வரும். வீடு கட்டுபவரின் பெயர் படிவத்தில் 'பயனாளி' என்று இருக்கும். கல்லும் மண்ணும் சுமந்து கட்டுபவர் பயனாளி, வந்து பார்த்துவிட்டுப் போகிறவன் உத்தியோகத்தன். அந்தச் சொல் அந்த நாளில் எனக்கு வித்தியாசமாகப் படவில்லை.

எங்களுக்கு மேலே இருந்த பொறியியலாளரை இராசநாயகம் சேர் என்பேன். மெலிந்த ஆள். பேச்சுக் குறைவு. வீடு பார்க்க வந்தால் முதலில் வீட்டைப் பார்க்கமாட்டார். வேலைக்குக் குவித்து வைத்த மணல் கும்பிக்குப் போவார். சேர்ட்டுக் கையை மடித்துவிட்டு, முழங்கை மறையும் மட்டும் கையைக் கும்பிக்குள் விடுவார். உள்ளே இருந்து ஒரு பிடி மணலை எடுத்து, அதில் ஒரு சிட்டிகையை நாக்கில் வைப்பார். கண்ணை மூடுவார். துப்புவார். லேஞ்சியால் வாயைத் துடைத்துக்கொண்டு, "சரி" அல்லது "உப்பு" என்று ஒரு சொல் சொல்லுவார். உப்பு என்றால் அந்த மணலில் போட்ட கொங்கிறீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, கொங்கிறீட்டை உள்ளே இருந்து பிளக்கும். ஐந்து வருடத்தில் வெடிப்பு, பத்துப் பதினைந்து வருடத்தில் துண்டு துண்டாக விழும். தண்ணீருக்கும் அதே கதைதான். கடலால் சூழ்ந்த ஊரில் இதைவிடப் பெரிய பாடம் வேறில்லை.

முதல் நாளே எனக்கு அவர் சொன்னது: "மேல் மணலைத் தொடாதையும். கடல் உப்பைக் கொண்டுவாற சோளகக் காத்துக்கு மேல் மணல் எப்பவும் உப்புத்தான். கை முழங்கை மட்டும் போகவேணும்."

இன்னொரு விதியும் அவரிடம் இருந்தது. கையெழுத்து வைக்குமுன் அந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்கமாட்டார். குடித்தால் வாய் கெட்டுவிடும் என்பார். வாய் என்று அவர் சொன்னது நாக்கையா, மனதையா என்று நான் கேட்கவில்லை.

நெடுந்தீவில் நாங்கள் முதன்முதலாக அத்திவாரம் பார்க்கப் போன நாளையும் சொல்ல வேண்டும். படிவத்தில் அத்திவாரக் கிடங்கு இரண்டரை அடி ஆழம் இருக்கவேண்டும் என்று அச்சடித்திருந்தது. நெடுந்தீவில் ஓரடி தோண்டினால் கல்லுப்பாறை. வீடு கட்டுகிற மனிதர் இரும்பு அலவாங்கு வளையும் மட்டும் இடித்துப் பார்த்துவிட்டுக் கிடங்கின் கரையில் குந்தியிருந்தார். படிவத்தில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பெட்டிதான். நான் 'இல்லை'யில் புள்ளடி போடப் போனேன். இராசநாயகம் சேர் படிவத்தை வாங்கி, இரண்டு பெட்டியையும் விட்டுவிட்டு, ஓரத்தில் தன் சின்ன எழுத்தில் எழுதினார்: 'பாறை. இதற்கு மேல் தேவையில்லை.' கீழே பெயரும் திகதியும் போட்டார். மேலிடத்தில் இருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தபோது அதற்கும் இரண்டு வரியில் பதில் எழுதினார். எழுதியதற்குத் தானே பொறுப்பு என்று அவர் எங்கும் சொன்னதில்லை. பெயரைப் போட்டால் அதுதான் பொருள் என்று இருந்தார்.

நான் அவரிடம் இருந்து கற்றதைவிட அவரிடம் வாங்கிய ஏச்சுத்தான் பிறகு என்னை ஆட்டிப்படைத்தது. மண்டைதீவில் ஒருவர் கூரைக் கட்டத்துக்குப் படிவம் போட்டிருந்தார். நான் போய்ப் பார்த்தேன். கூரை முழுக்க ஓடு. கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். இரண்டு கிழமைக்குப் பிறகு அந்த வழியால் போன சேர், ஓடு இல்லாமல் அதைத் தாங்கும் வெறும் சலாகையைக் கண்டார். ஓட்டை அடுத்த வளவில் வீடு கட்டுகிற மைத்துனரிடம் இரவல் வாங்கி, எனக்காக அடுக்கி, நான் போனதும் இறக்கிக் கொடுத்திருக்கிறார் அந்த மனிதர்.

"முகட்டு ஓட்டுக்குச் சாந்து வைச்சிருந்ததோ?" என்று சேர் கேட்டார். நிரந்தரமாகப் போட்ட ஓடென்றால் முகட்டில் சாந்து இருக்கும், நான் பார்க்கவில்லை. "நீர் கூரையைப் பாத்தீர். ஓட்டைப் பாக்கேல்லை," என்றார். அவ்வளவுதான். ஆனால் அதை அலுவலகத்தில் ஏழு பேர் இருக்கையில் சொன்னார். எனக்கு முகம் எரிந்தது. அன்றிலிருந்து நான் சனங்கள் சொல்வதை நம்புவதை விட்டேன். நம்பாமல் இருப்பதைக் கவனம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டும் வேறு வேறு என்று தெரிய எனக்குக் கன காலம் பிடித்தது.

இனித்தான் திரேசம்மாவின் வீடு.

திரேசம்மா நெடுந்தீவில் கடற்கரைக்குக் கிட்ட இருந்த ஒரு துண்டுக் காணியில் தகரக் கொட்டிலில் இருந்தார். முருகைக்கல் அடுக்கிய மதில், இரண்டு பசு, ஒரு கிணறு. கிணற்றுத் தண்ணீர் உவர். புருசன் சூசை முன்பு கடலுக்குப் போனவர், ஒரு கால் முடங்கிய பிறகு போவதில்லை. இரண்டு பெண் பிள்ளைகள். முதற் பட்டியலில் அவர்களுடைய பெயர் இருந்து, காணி உறுதிப் பத்திரத்தில் ஏதோ பிழை என்று வெட்டப்பட்டு, இரண்டு வருடம் அலைந்து இரண்டாம் பட்டியலில் வந்தவர்கள். அதனால் திட்டம் முடியப் போகிற நேரத்தில்தான் அத்திவாரம் வெட்டத் தொடங்கினார்கள். மேசன் ஒருவர் அக்கரையில் இருந்து வந்து கிழமையில் மூன்று நாள் நிற்பார். மிச்ச நாள் திரேசம்மாவே சீமெந்துக் கல் அரிந்தார், சாந்து குழைத்தார். நான் ஒருமுறை போனபோது யன்னலடிச் சுவரைத் தானே கட்டிக்கொண்டு நின்றார். தூக்குநூல் பிடித்துப் பார்த்தேன். மேசன் கட்டிய பக்கத்தை விட நேராக இருந்தது.

அந்த வருடம் மேலிடத்தில் இருந்து சுற்றறிக்கை வந்தது. குறித்த நாளுக்குள் லிண்டல் மட்டம் வராத வீடுகளின் மிச்சக் காசு திரும்பிப் போகும். எழும்பின சுவர் எழும்பினபடி நிற்க வேண்டியதுதான். கூரையில்லாத அப்படியான சுவர்கள் இன்றும் தீவுகளில் நிற்கின்றன, ஆடு கட்டப் பயன்படும். திரேசம்மாவுக்கு அந்த நாள் வர ஐந்து கிழமை இருந்தது. நான் அவரிடம் நேரில் சொன்னேன், இந்த நாள் தாண்டினால் என்னாலும் ஒன்றும் செய்ய ஏலாது என்று. அவர் படிவத்தின் பின்பக்கத்தில் அந்தத் திகதியை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

லிண்டல் போட்டு முடித்தோம், வந்து பாருங்கள் என்று சூசை தொலைபேசியில் சொன்னபோது குறித்த நாளுக்கு இன்னும் மூன்றரைக் கிழமை இருந்தது. எனக்கு ஆச்சரியம். நல்ல சோளகம், கடல் கொந்தளிப்பு. குறிகட்டுவான் இறங்குதுறையில் இருந்து ஒரு மணித்தியாலம் படகு. நான் தீவில் பிறந்தவன்தான், ஆனால் அந்தக் கடல் எனக்கு ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. இறங்கும்போது வயிற்றில் ஒன்றும் இல்லை. திரும்பிப் போகும் படகுக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தது. இன்னும் இரண்டு வீடு பார்க்க வேண்டும்.

லிண்டலைப் பார்த்தேன். விளிம்பு உடையாமல், தேன்கூடு போல ஓட்டை விழாமல், சுற்றிவர ஒரே மட்டமாக இருந்தது. கொங்கிறீட் கெதியாகக் காயாமல் மெல்ல இறுகுவதற்காக, அதற்கு மேல் நனைத்த சாக்குகளைப் போட்டு மூடியிருந்தார்கள். அதைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு கெதியாக, இவ்வளவு ஒழுங்காக எப்படி? மண்டைதீவு ஓடு ஞாபகத்துக்கு வந்தது. மணல் கும்பிக்குப் போனேன். தலை சுற்றிக்கொண்டிருந்தது. குனிந்து முழங்கை மட்டும் கையை விட எனக்கு அன்று உடம்பு வரவில்லை. மேலே இருந்து ஒரு சிட்டிகையைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். உப்பு.

"என்ன தண்ணியிலை குழைச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"நல்லதண்ணி சேர். பவுசர்த் தண்ணி," என்றார் திரேசம்மா. "நாங்கள் ஒரு மாசமா..."

நான் முழுக்கக் கேட்கவில்லை. தீவில் நல்லதண்ணி ஊறும் கிணறுகள் ஒன்றிரண்டுதான், அதுவும் அவர்கள் பக்கத்தில் இல்லை. கிழமையில் இரண்டு நாள் பவுசர் என்ற தண்ணீர் வண்டி வரும், வீட்டுக்கு இருபத்தைந்து லீற்றர்க் கலன் இரண்டு. குடிக்கிற தண்ணியை யார் கொங்கிறீட்டுக்கு ஊற்றுவார்கள்? அதோடு, நான் எத்தனையோ வருடம் இந்தத் தீவுகளில் வீடு பார்த்தேன், உவர்த் தண்ணியில் குழைத்தோம் என்று சொன்ன ஒரு ஆளையும் காணவில்லை. எல்லோருடைய தண்ணியும் நல்லதண்ணிதான். நான் படிவத்தில் எழுதினேன்: 'மணலில் உப்பு. லிண்டல் முழுவதையும் அகற்றி மீண்டும் இடவேண்டும். மூன்று கிழமையில் மறுபரிசோதனை.' எழுதியதை வாசித்துக் காட்டினேன்.

சூசை தடியை ஊன்றிக்கொண்டு எழும்பிச் சத்தம் போட்டார். அவர் என்ன சொன்னார் என்று ஞாபகம் இல்லை, அந்த நேரம் காதில் விழவும் இல்லை. திரேசம்மா அவருடைய கையைப் பிடித்து இருத்தினார். லிண்டலை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னிடம், "உடைக்கிறம் சேர். திரும்ப எப்ப வருவியள்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்கு அன்று பிடித்திருந்தது. வாதாடாத பயனாளி என்று நினைத்தேன். பிழையை ஒத்துக்கொண்டபடியால்தான் வாதாடவில்லை என்றும் நினைத்தேன்.

குறித்த நாளுக்கு மூன்று நாள் இருக்கையில் திரும்பிப் போனேன். அன்று கடல் கொஞ்சம் அடங்கியிருந்தது. வயிறு நன்றாக இருந்தபடியால் சேரின் விதி எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. மணல் கும்பி சிறுத்திருந்தது. முழங்கை மட்டும் கையை விட்டு எடுத்து நாக்கில் வைத்தேன். கொஞ்சமும் உப்பில்லை. மணலை மாற்றியிருக்கிறார்கள், என் சொல் வேலை செய்திருக்கிறது என்று எனக்குள் ஒரு திருப்தி. புது லிண்டலும் சுற்றிவர ஏறியிருந்தது. முந்தியதைப் போல விளிம்பு கூர்மையாக இல்லை, அங்கங்கே சாந்து தடவி மூடியிருந்தது. அவசரத்தில் போட்டது, போகட்டும் என்று விட்டேன்.

"இந்தமுறை நல்லதண்ணிதானே?" என்று கேட்டேன்.

திரேசம்மா, "ஓம் சேர்," என்றார்.

கையெழுத்து வைத்தேன். விதிப்படி அதற்குப் பிறகு தேத்தண்ணி குடிக்கலாம். மூத்த பிள்ளை கொண்டுவந்து தந்தது. சீனி போட்ட தேத்தண்ணிக்கு அடியில் ஒரு உவர்ப்பு இருந்தது. தீவுத் தேத்தண்ணி இப்படித்தான் என்று குடித்துவிட்டுக் கோப்பையைக் கொடுத்தேன். காசு வந்தது. கூரை ஏறியது. கடைசிக் கட்டமும் முடிந்து, வீட்டுக்காரரும் நானும் கதவடியில் நிற்கும் படம் ஒன்றும் கோப்பில் ஏறியது. இராசநாயகம் சேர் அதற்கு முன்பே இளைப்பாறிக் கொழும்புக்குப் போய்விட்டார். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகப் பார்த்த வீடுகளில் ஒன்று என்று அதைப் பல பேருக்கு உதாரணம் சொல்லியிருக்கிறேன். பயிற்சிக்கு வந்தவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். இதை எழுதும்போது அதுதான் எனக்குக் கூடுதல் வெட்கமாக இருக்கிறது.

நான் ஓய்வு பெற்றுச் சில வருடம் ஆன பிறகு, சென்ற கோடையில், நெடுந்தீவில் இப்போது ரி.ஓ.வாக இருக்கும் டயானா என்ற பிள்ளை எனக்குத் தொலைபேசி எடுத்தார். பழைய வீடுகளுக்குத் திருத்த வேலைக்கு உதவி கொடுக்கிறார்களாம். திரேசம்மா விண்ணப்பித்திருக்கிறார். முன்கதவுக்கு மேல் லிண்டல் வெடித்து ஒரு துண்டு விழுந்துவிட்டது. கம்பி வெளியே தெரிகிறது. பனங்குற்றியால் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். படங்களையும் அனுப்பினார். கம்பி இருந்த இடத்தில் செம்மண்ணிறத் தூள்தான் இருந்தது.

"சேர், படிவத்திலை சேதத்துக்குக் காரணம் எண்டு ஒரு பெட்டி இருக்கு," என்றார் டயானா. "உவர்த் தண்ணியிலை போட்டது எண்டு தெரியுது. அப்பிடி எழுதினா வீட்டுக்காரற்றை கவனக்குறைவு எண்டு ஆகும். காசு கிடையாது. ஆனா பழைய கோப்பிலை நல்லதண்ணி எண்டு உங்கடை கையெழுத்து இருக்கு. எனக்கு எதை எழுதுறதெண்டு தெரியேல்லை."

நான் அடுத்த நாளே படகேறினேன். டயானா இறங்குதுறையில் நின்றார். இருவரும் போனோம். சூசை இறந்து நாலு வருடமாம். மூத்த மகள் கலியாணம் செய்து அதே வீட்டில் இருக்கிறார், அவருக்கு ஒரு கைக்குழந்தை. வெடித்த லிண்டலுக்குக் கீழேதான் எல்லோரும் உள்ளே வெளியே போய் வருகிறார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலைக் கடக்கும்போது மகள் தன்னை அறியாமல் குனிந்து கடந்தார். வாசல் உயரம் ஏழடி. 

திரேசம்மாவுக்குத் தலை முழுக்க நரை. என்னை உடனே இன்னாரென்று மட்டுக்கட்டிக் கதிரை எடுத்துப் போட்டார். நான் இருக்கவில்லை. எப்படிக் கேட்பதென்று தெரியாமல், அந்த இரண்டாம் லிண்டலுக்கு எந்தத் தண்ணி என்று நேரடியாகவே கேட்டேன். அவர் கிணற்றைக் காட்டினார்.

பிறகு எல்லாம் சொன்னார், கோபமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக. முதல் லிண்டலுக்கு ஒரு மாதம் பவுசர்த் தண்ணியைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த ஒரு மாதமும் அவரும் சூசையும் மூத்தவளும் உவர்த் தண்ணியைக் காய்ச்சிக் குடித்தார்கள். சின்னவளுக்கு மட்டும் நாளுக்கு ஒரு போத்தல் எடுத்து வைத்தார்கள். நான் உடைக்கச் சொன்ன பிறகு பவுசர் பழுதாகி மூன்று கிழமையில் இரண்டு தரம்தான் வந்தது. சின்னவளுக்கு வயிற்றோட்டமும் வந்துவிட்டது. வந்த தண்ணி பிள்ளைக்குப் போனது. சீமெந்துக்கு ஒரு பசு போனது. கும்பியில் கிடந்த அதே மணலில்தான், கிணற்றுத் தண்ணி விட்டுக் குழைத்தார்கள். மணலை மாற்றவேயில்லை.

"நீங்கள் ஏன் எனக்கு அண்டைக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக்கூடாது என்று தெரிந்தது.

"சொன்னனான் தானே சேர்," என்றார். "முதல்தரம் சொன்னனான்."

டயானா கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வெளியே வந்தேன். குசினிப் பக்கம், இரண்டு முருகைக்கல் அடுக்குக்குக் குறுக்காக ஒரு கொங்கிறீட் துண்டு கிடந்தது. கிட்டத்தட்ட நாலடி நீளம். அதற்கு மேல் நல்லதண்ணிப் பீப்பா நிரம்பி நின்றது. திரேசம்மா பின்னால் வந்து, அது முதல் லிண்டலின் குசினி யன்னல் துண்டு என்றார். மற்றதெல்லாவற்றையும் உடைத்துக் கம்பியை நிமிர்த்தித் திரும்பப் பாவித்தார்களாம். இந்தத் துண்டு மட்டும் இரண்டு நாள் அலவாங்கால் இடித்தும் உடையவில்லை. சரி, பீப்பா வைக்க உதவும் என்று சூசை விட்டுவிட்டாராம்.

குனிந்து பார்த்தேன். வெட்டிய முனையில் வெளியே நின்ற கம்பி துருப்பிடித்து மழுங்கியிருந்தது. அது காற்றுப்பட்ட இடம். துண்டின் உடம்பில் ஒரு வெடிப்பு இல்லை, ஒரு கறை இல்லை. விளிம்பு அன்று நான் பார்த்தபடியே கூர்மையாக இருந்தது. இத்தனை வருடச் சோளகத்தில் அது பாரம் சுமந்துகொண்டு இருந்திருக்கிறது. நல்லதை உடைக்கச் சொல்லிவிட்டு, கெட்டதற்குக் கையெழுத்து வைத்திருக்கிறேன். உண்மை சொன்னபோது நம்பவில்லை. எனக்கு வேண்டிய பதிலைச் சொன்னபோது நம்பினேன். அந்தத் தேத்தண்ணியின் உவர்ப்பு என் நாக்குக்கு அன்றே தெரிந்தது. மணலை ருசி பார்க்கப் பழகிய நாக்கு, குடிக்கவே நல்லதண்ணி இல்லாத வீட்டில் கொங்கிறீட்டுக்கு ஏது நல்லதண்ணி என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

அதனால்தான் சொன்னேன், கைத்தொலைபேசிப் படத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை என்று. படத்துக்கு உப்புத் தெரியாதுதான். எனக்குத் தெரிந்து என்ன செய்தேன்?

திருத்த வேலைக்கான காசு கிடைத்துவிட்டது என்று பிறகு அறிந்தேன். டயானா விடாமல் நின்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். புது லிண்டல் போட்ட நாளில் எனக்குப் படமும் அனுப்பினார். அந்தக் காசுக்கு ஆதாரமாக வைத்தது அன்று நான் அந்த வீட்டில் இருந்து எழுதிய கடிதம். அதை எழுதிய விதத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

டயானாவிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கினேன். முன் விறாந்தையில் கதிரையில் இருந்து எழுதினேன். முதல் லிண்டல் தரமானது, நல்லதண்ணியில் இடப்பட்டது, மணலை விதிப்படி சோதிக்காமல் அதை உடைக்கச் சொன்னவன் நான், இரண்டாம் லிண்டல் அந்த உத்தரவால் வந்த அவசரத்தில் இடப்பட்டது, ஆகவே சேதத்துக்குக் காரணம் பரிசோதித்த உத்தியோகத்தரின் தவறு என்று எழுதினேன். டயானா தோளுக்கு மேலால் வாசித்துவிட்டு, "சேர், இப்பிடி எழுதினா உங்கடை பேர்தான் கெடும். வேறை மாதிரி எழுதலாம்," என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நான் பெயரையும் திகதியையும் போட்டேன்.

ஆதாரம் பலமாக இருக்கட்டும் என்று, முதல் லிண்டலுக்கு எவ்வளவு தண்ணி சேர்த்திருப்பார்கள் என்பதையும் கணக்குப் பார்த்து எழுதியிருந்தேன். நீளம், அகலம், உயரம், சீமெந்துப் பை எல்லாம் வைத்துப் பார்த்தால் ஒன்பது கலன் வந்தது. அது பிழைக்காத கணக்கு. கடிதத்தைத் திரேசம்மாவுக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். என் தவறு என்று எழுதிய இடம் வந்தபோதும் கட்டிய கையை எடுக்கவில்லை. ஒன்பது கலன் என்று வாசித்தபோது கையை உயர்த்தி மறித்தார்.

"ஒன்பது இல்லை சேர், பதின்மூண்டு," என்றார். "குழைக்க ஒன்பது. சாக்கு நனைக்க நாலு."

லிண்டலுக்கு மேல் கிடந்த நனைந்த சாக்குகள் எனக்குக் கண்ணுக்கு முன்னால் வந்தன. நான் அவற்றைப் பார்த்துத்தான் சந்தேகப்பட்டேன். ஒன்பது என்பதை ஒரு கோட்டால் வெட்டி, மேலே பதின்மூன்று என்று எழுதி, விதிப்படி பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைத்தேன்.